மூணாவது பேர்

கோவ்ஹூ
மார்ச் 3

தங்கம் கெங்-மு,

அத்தை எழுதறேன். போன்ல பேசலாம்னா அது மளிகைக் கடையில இருக்கு. கடைக்காரி ஆ-சுன் பக்கத்துலயே நின்னு மூச்சு விடாம கேப்பா. உன் தோள்பட்டை வலி ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. நேத்து சிப்பி உடைக்கற இடத்துல ஒருத்தி எனக்கே விளக்கம் சொல்றா, "உங்க வீட்டுப் பையனுக்கு எலும்பு தேஞ்சுபோச்சாமே"ன்னு. உன் எலும்புதான் தேஞ்சுபோகும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதான் இனிமே கடுதாசி.

நவம்பருக்குள்ள தோள் சரியாகலன்னா வெளிய அனுப்பிடுவோம்னு கோச் சொன்னாரா? அந்த ஆளு நாக்குல... சரி, கடல்தாய் மாட்ஸு அம்மா கேட்டுக்கிட்டிருக்காங்க, நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு வருஷமா பேஸ்பால் இரண்டாம் அணியிலயே உக்காத்தி வெச்சுட்டு இப்ப கெடு வைக்கறாங்களாக்கும்.

பெய்காங்ல பேர் பாக்கறவர்கிட்ட போனேன். உங்க அணியிலயே நாலு பேர் பேரை மாத்தி நல்லாயிட்டாங்கன்னு நீதானே சொன்னே. உன் பேரைப் பாத்ததும் அவர் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. "கெங்-மு. மு-ன்னா மரம். மரம் நட்ட இடத்துல நிக்கும், பந்து எப்படிம்மா வீசும்?"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருபத்திரண்டு வருஷமா இது யாருக்கும் தோணல பாரு.

இதோட வெச்சிருக்கற செவப்புத் தாள்ல மூணு பேர் இருக்கு. முதல் ரெண்டும் ஏதோ கணக்குப்பிள்ளை பேர் மாதிரி இருக்கு. மூணாவதைப் பாரு. தியென்-லாங். தெளிஞ்ச வானம். மாட்ஸு அம்மா முன்னாடி அந்தப் பேரைச் சொல்லி, பிறைக்கட்டை ரெண்டையும் தரையில போட்டுக் குறி கேட்டேன். மூணு தடவையும் ரெண்டு கட்டையும் தட்டைப் பக்கத்தைக் காட்டிக்கிட்டே விழுந்துச்சு. ஆமாம்னும் இல்ல, வேண்டாம்னும் இல்ல, அம்மா சிரிக்கறாங்க. சிரிச்சா சந்தோஷம்தானே?

மூணாவதையே வெச்சுக்கோ. அத்தை சொன்னா கேப்பேல்ல.

உன் அத்தை


தைசுங், வீரர் விடுதி
ஏப்ரல் 14

அன்புள்ள அத்தைக்கு,

மாத்தியாச்சு. பதிவு அலுவலகத்து அம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "பேஸ்பால் ஆடறியா? இந்த மாசம் நீ அஞ்சாவது ஆளு. பேர் என்ன சட்டையா, அழுக்கானா மாத்திக்க?"ன்னு கேட்டாங்க. மாத்தித்தான் கொடுத்தாங்க. இனிமே நான் குவோ தியென்-லாங்.

அத்தை, நம்ப மாட்டீங்க. மறுநாள் காலையில வலி இல்ல. குறைஞ்சுதுன்னு இல்ல, சுத்தமா இல்ல. கையைச் சுத்திப் பாத்தேன், வேற யாரோட கையோ மாதிரி லேசா இருக்கு. பயிற்சியில வீசினா, நேரா போற பந்து, அடிக்கறவன் நிக்கற தட்டுக்கிட்ட போனதும் மேசையிலேர்ந்து உருண்டு விழற மாதிரி விழுது. பந்து பிடிக்கறவன் காச்சாவ்னு ஒரு தைதுங் ஊர்ப் பையன், அவன் முகமூடியைத் தூக்கிட்டு, "டேய், இதை இவ்வளவு நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?"ங்கறான். எனக்கே தெரியல. யாரும் சொல்லித் தரல.

அடுத்த வாரம் முதல் அணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

ஒரு சின்ன விஷயம். என் காலணி ரெண்டும் காலையில ஈரமா இருக்கு. யாராவது விளையாடறாங்கன்னு நினைக்கறேன்.

தியென்-லாங் (எழுதவே வேடிக்கையா இருக்கு)


கோவ்ஹூ
மே 30

கண்ணு,

ஆ-சுன் கடையில டிவி முன்னாடி முப்பது பேர். எனக்கு நடு நாற்காலி. ஒலிபெருக்கியில சொன்னான் பாரு, "அடுத்து பந்து வீச வருபவர், குவோ... தியென்-லாங்!" நான் அழுதுட்டேன்டா. ஆ-சுன், "இன்னும் ஒரு பந்துகூட வீசல, அதுக்குள்ள என்ன அக்கா அழுகை"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

மூணு ஆட்டம், மூணும் ஜெயம். மாட்ஸு அம்மாவுக்கு மூணு நாள் விரதம் இருந்தேன். கோயில்ல உன் பேர்ல எரியற விளக்குல பேர்ச் சீட்டை மாத்தச் சொன்னேன். கோயில் எழுத்தர் எழுதி ஒட்டினாரு, மறுநாள் சீட்டு கீழ கிடக்குது. பசை சரியில்ல போல. நானே சோத்தைத் தேச்சு ஒட்டிட்டேன்.

ஒண்ணு கேக்கணும். நீ வீசறதுக்கு முன்னாடி இடது காது மடலை ரெண்டு தடவை தொடறியே. அதை யார்கிட்ட கத்துக்கிட்டே? சும்மாதான் கேக்கறேன். பதில் எழுது.

காலணிக்குள்ள பழைய பேப்பரைச் சுருட்டி வை, ஈரத்தை இழுத்துக்கும்.

அத்தை


தைசுங்
ஜூன் 28

அன்புள்ள ~~அக்கா~~ அத்தைக்கு,

அடிச்சு எழுதறதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியல. வேற தாள் எடுக்கலாம்னா சோம்பல்.

ஆறு ஜெயம். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. பெரிய கோச் என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு சோறு போடறாரு. நவம்பர் பேச்சே இல்ல. இதுக்காகத்தானே பத்து வயசுலேர்ந்து உயிரை விட்டேன். சந்தோஷமா இருக்கணும்.

காதைத் தொடறேனா? நான் தொடறதில்லையே அத்தை. காச்சாவ்கிட்ட கேட்டேன், அவன் சிரிக்கறான். "ஒவ்வொரு பந்துக்கும் தொடறே. தொட்டுட்டு மூணாம் பேஸ் பக்கம் வலைக்குப் பின்னாடி யாரையோ பாக்கறே. பொண்ணா?"ங்கறான். எனக்கு அப்படிப் பாத்த ஞாபகமே இல்ல.

உண்மையைச் சொல்லிடறேன். வீசினதே ஞாபகம் இல்ல. ஒலிபெருக்கியில பேரைச் சொல்றாங்க, பந்து வீசற மேட்டுல ஏறறேன். அடுத்தது எனக்குத் தெரியறது குளியலறை. நடுவுல அஞ்சு இன்னிங்ஸ் போயிருக்கு. முதல்ல அஞ்சு, போன வாரம் ஏழு. முந்தாநாள் ஆட்டம் முடிஞ்சு நேத்து மதியம் வரைக்கும் எதுவும் ஞாபகத்துல இல்ல. அந்த நேரத்துல ரெண்டு தட்டு சிப்பி தின்னேனாம். எனக்கு சிப்பி வாசனை பட்டாலே வாந்தி வரும், உங்களுக்குத் தெரியாதா?

காலணி ஈரம் நிக்கல. பேப்பர் வெச்சேன். காலையில எடுத்தா பேப்பர்ல உப்பு பூத்திருக்கு. காச்சாவ் மோந்து பாத்துட்டு, "விலாங்குக் குளத்து நாத்தம்டா"ங்கறான். தைசுங்ல ஏது விலாங்குக் குளம்?

தியென்-லாங்


கோவ்ஹூ
ஜூலை 27

கண்ணு,

எல்லாம் களைப்பு. வெயில்ல வீசறே, மண்டை காயுது, மறக்குது. இதோட மாட்ஸு அம்மா தாயத்து வெச்சிருக்கேன். கழுத்துல போட்டுக்கோ, குளிக்கும்போது மட்டும் கழட்டு. சிப்பி தின்னது நல்லதுதான், உடம்புக்குத் தெம்பு.

நேத்து உருளை சுத்தற நாள். இந்த வருஷம் கரை நெடுக ஆயிரத்துக்கு மேல நட்டிருந்தாங்க. நீ சின்னப் பையனா வந்து எண்ணுவியே, மூங்கில்ல காகிதம் ஒட்டி ஆள் உயரத்துக்கு நிக்குமே. தண்ணியில போனவங்க பேரை உள்ள எழுதி வெச்சு, கையால மெல்லச் சுத்தி, "ஏறி வா, ஏறி வா"ன்னு கூப்பிட்டா, ஏணியில ஏறற மாதிரி ஏறி வந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிடுவாங்க. நானும் வழக்கம்போல என் தம்பி ஆ-நியாவுக்கு ஒண்ணு சுத்தினேன். உன் சித்தப்பன்தான், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போனவன். பூனைக்குட்டி மாதிரி இருப்பான், அதான் ஆ-நியாவ்னு கூப்பிடுவோம். இருபத்தஞ்சு வருஷமா சுத்தறேன். மத்தவங்க உருளையெல்லாம் லேசா சுத்தும். அவனோடது மட்டும் கல்லு மாதிரி கனக்கும். வழக்கம்தான்.

இந்த வருஷம் கனக்கல. காத்தாட்டம் சுத்துச்சு. உள்ள யாருமே இல்லாத மாதிரி.

அடுத்த மாசம் நிலாக் கணக்குப்படி ஏழாம் மாசம் பொறக்குது, ஆவிங்களுக்குக் கதவு திறக்கற மாசம். ஜாக்கிரதையா இரு. யார் தோளையும் பின்னாலேர்ந்து தட்டாதே. யாரும் பின்னாலேர்ந்து முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாதே.

அக்கான்னு இனிமே தப்பா எழுதாதே. எனக்குப் பிடிக்கல.

அத்தை


தைசுங்
ஆகஸ்ட் 25

அத்தை,

முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாதேங்கறீங்க. நான் வேலை பாக்கற இடத்துல பன்னண்டாயிரம் பேர் மேளம் அடிச்சு முழுப்பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. "குவோ தியென்-லாங்! குவோ தியென்-லாங்!" ஏழாம் மாசம் பொறந்து ரெண்டு ஆட்டம். ரெண்டாவது ஆட்டத்துக்கப்புறம் மூணு நாள் என்கிட்ட இல்ல. மூணு நாள். காச்சாவ் சொல்றான், நான் நல்லாத்தான் இருந்தேனாம். சிரிச்சுப் பேசினேனாம். சோத்துக்குச்சியை மட்டும் இடது கையில பிடிச்சேனாம். "அந்த மூணு நாள் இருந்தவன் உன்னைவிட ஜாலியான ஆளுடா"ன்னு சொன்னான். இப்ப அவன் வேற அறையில படுக்கறான். தாயத்து கழிவறைத் தொட்டியில கிடந்துச்சு. நான் போடல.

நேத்து மைதான வாசல்ல ஒரு நடுவயசுக்காரர் வந்து என் கையைப் பிடிச்சாரு. தைனான்காரர், பள்ளி அணியில ஆடினவராம். "உன் ஆட்டத்தைப் பாக்கத்தான் பஸ் ஏறி வந்தேன். கோவ்ஹூவுலேர்ந்து ஒரு குவோ தியென்-லாங் வந்து எங்களை ஒரு ஓட்டம் எடுக்க விடல, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி. இதே மாதிரி விழற பந்து. இதே மாதிரி காதைத் தொடுவான். என்ன, அவன் இடது கை. உங்க சொந்தமா? அவன் என்ன ஆனான்?"ன்னு கேட்டாரு.

அத்தை, ஆ-நியாவ் சித்தப்பாவோட பதிவேட்டுப் பேர் என்ன? கல்யாணம் ஆகாம செத்தவர்னு வீட்டு முன்னோர் பலகையில அவர் பேரே இல்ல. எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும்.

செத்தவர் பேரை வீட்டுப் பிள்ளைக்கு வைக்கக் கூடாதுன்னு ஊர்ல நாய்க்குட்டிக்குப் பேர் வைக்கறவங்களுக்குக்கூடத் தெரியுமே. நீங்க ஒரு நாளைக்கு மூணு தடவை ஊதுவத்தி ஏத்தறவங்க.

நான் யார் கையெழுத்தும் போடல


கோவ்ஹூ
செப்டம்பர் 1

கெங்-மு,

உன்னை அந்தப் பேர்லயே கூப்பிடறேன்.

செவப்புத் தாள்ல பேர் பாக்கறவர் எழுதினது ரெண்டுதான். மூணாவது நான் எழுதினேன், என் தம்பியோட பதிவேட்டுப் பேர். பஸ்ஸுல வரும்போது, மடியில வெச்சு எழுதினேன். எழுத்து கோணிப்போச்சு, பஸ் ஆடுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அம்மா மூணு தடவை சிரிச்சாங்களே, அது சந்தோஷச் சிரிப்பு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்டா.

ஏன்னு கேப்பே. சொல்றேன், இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அவனுக்குப் பத்தொன்பது. மறுநாள் தைசுங்ல தேர்வு, கம்பெனி அணிக்கு. சாயங்காலம் விலாங்குக் குளத்து வரப்புல ஓடிப் பழகிட்டிருந்தான். ஏழாம் மாசம். நான் சாப்பிடக் கூப்பிடப் போனேன். அவன் எப்பவும் என்கிட்ட, "அக்கா, பெரிய மைதானத்துல ஒலிபெருக்கியில என் பேரைச் சொல்ற நாள் வரும், நான் காதைத் தொட்டுக் காட்டறேன், நீ வலைக்குப் பின்னாடி நிக்கணும்"னு சொல்லுவான். கிண்டலுக்கு, கையைக் குவிச்சு வாயில வெச்சு, பின்னாலேர்ந்து கத்தினேன். "அடுத்து பந்து வீச வருபவர், குவோ தியென்-லாங்!" அவன் திரும்பினான். சிரிச்சுக்கிட்டே காதை ரெண்டு தடவை தொட்டான். வரப்பு வழுக்குச்சு.

முழுப்பேர் சொல்லிப் பின்னாலேர்ந்து கூப்பிட்டது நான்தான்.

இருபத்தஞ்சு வருஷமா உருளைக்குள்ள ஆ-நியாவ்னுதான் எழுதறேன். பதிவேட்டுப் பேர் எழுதினாத்தான் தண்ணிக்குள்ள கேக்கும்னு தெரியும். எழுதினா அவன் ஏறி வந்து போயிடுவான், அதுக்கப்புறம் குளத்துல அவன் இருக்க மாட்டான். எனக்கு அவனை அனுப்ப மனசு வரல. அப்புறம் நீ பேரைத் தேடிக்கிட்டு நின்னே. ஒரே ஒரு தடவை உண்மையான ஒலிபெருக்கியில கேட்டாப் போதும்னு நினைச்சேன். போதும்னா போதுமா? கூப்பிட்டா வருவான்னு தெரியாம போச்சு.

நீ எனக்கு அவனைவிட ஒசத்தி. ஆறு வயசுலேர்ந்து வளத்தேன். பேரைத் திருப்பிக் கொடுத்துடு. இந்த மாசம் 15ஆம் தேதியோட ஏழாம் மாசம் முடியுது, கதவு மூடுது. காகிதக்காரர்கிட்ட ஒரு உருளை கட்டச் சொல்லியிருக்கேன். அன்னிக்கு அவன் பேரை முழுசா எழுதி நானே சுத்தறேன். ஆனா நான் சுத்தும்போது அந்தப் பேர் பூமியில வேற யாருக்கும் இருக்கக் கூடாது. புரியுதா? முதல்ல நீ மாத்து, அப்புறம்தான் நான் சுத்துவேன்.

அத்தை


தைசுங்
செப்டம்பர் 8

அத்தைக்கு,

ஒரு வாரம் பதில் எழுதல. கோவம்தான். பயமும்தான். அதோட இன்னொண்ணும் இருக்கு, அதைச் சொல்லக் கூசுது.

பேரைக் கொடுத்தா வலி வந்துடும். நவம்பர்ல என்னை அனுப்பிடுவாங்க. பதினோரு ஆட்டம், ஒன்பது ஜெயம், அவ்வளவுதான் என் கதை. எந்தப் பையனும் என் படம் போட்ட பேஸ்பால் அட்டையைச் சேத்து வைக்க மாட்டான். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கறேன், மாசத்துல பாதி நாள் நான் இல்லாம போனா என்ன, மீதிப் பாதி நாள் குவோ தியென்-லாங்கா இருக்கலாமே. இப்படி யோசிக்கறது நானா அவரான்னுகூடத் தெரியல.

நேத்து உங்க முகத்தை நினைச்சுப் பாத்தேன். இளவயசு முகம்தான் வருது. ரெட்டைச் சடை போட்ட முகம். நான் உங்களை ரெட்டைச் சடையில பாத்ததே இல்லையே அத்தை. உங்க நரைச்ச முகம் எனக்கு வர மாட்டேங்குது. அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணினேன்.

15ஆம் தேதி காலையில எட்டு மணிக்கு அலுவலகம் திறந்ததும் மாத்திடறேன். நீங்க மூணு மணிக்குச் சுத்துங்க. அன்னிக்கு சாயங்காலம் ஆட்டம் இருக்கு, குவோ கெங்-முவா வீசி அடி வாங்கிட்டு ஊருக்கு வரேன். சிப்பி மட்டும் சமைக்காதீங்க.

கெங்-மு


தைசுங்
செப்டம்பர் 15, காலை ஒன்பது

அத்தை, சுத்தாதீங்க.

புயல் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. தைசுங்ல இன்னிக்கு அலுவலகம் எல்லாம் விடுமுறைன்னு விடியக்காலையில அறிவிச்சுட்டாங்க. கதவு மூடிக்கிடக்கு, தட்டித் தட்டிப் பாத்தேன், காவலாளி புயல் விடுமுறைகூடத் தெரியாதா தம்பிங்கறாரு. ஆ-சுன் கடைக்கு போன் போட்டுக்கிட்டே இருக்கேன், லைன் செத்துக்கிடக்கு. தந்தி ஆபீசும் மூடியிருக்கு. தெற்கே போற லாரிக்காரர்கிட்ட இதைக் கொடுக்கறேன், கோவ்ஹூ தபாலாபீஸ்ல சேத்துடறேன்னு சொல்றாரு.

பேர் இன்னும் என்கிட்டதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பேர். சுத்தாதீங்க. நான் மாத்திட்டேன்னு எழுதற வரைக்கும் உருளையைத் தொடாதீங்க.

கெங்-மு கெங்-மு கெங்-மு


கோவ்ஹூ
செப்டம்பர் 15, சாயங்காலம்

என் தங்கம் கெங்-மு,

முடிஞ்சுதுடா! மாட்ஸு அம்மா கண்ணைத் திறந்துட்டாங்க.

இங்க காத்து மட்டும்தான், பள்ளிக்கூடம் ஆபீசு எல்லாம் திறந்துதான் இருந்துச்சு. நீ எட்டு மணிக்கே மாத்தியிருப்பேன்னு கணக்குப் போட்டு, உனக்காகக் கோயில்ல ஒரு ஊதுவத்தி ஏத்திட்டு, மூணு மணிக்குக் கரைக்குப் போனேன். குவோ தியென்-லாங்னு முழுசா எழுதினேன். இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவை. பொங்கிப் பொங்கி அழுதேன்.

முதல்ல கல்லு மாதிரி கனத்துச்சு. "ஏறி வா தியென்-லாங், அக்கா கூப்பிடறேன்"னேன். திடீர்னு லேசாச்சு. ஒருத்தர் ஏற, ஒருத்தர் இறங்கற மாதிரி உருளை ரெண்டு பக்கமும் ஆடுச்சு. அப்புறம் தானாவே சுத்துச்சுடா, நான் கையை எடுத்துட்டேன். குளத்துல பொளக்குன்னு ஒரு சத்தம், பெரிய மீன் விழற மாதிரி. அவ்வளவுதான், அமைதி.

சாயங்கால ஆட்டத்தைப் பாக்கலாம்னா கரண்ட் இல்ல. ஜெயிச்சா என்ன தோத்தா என்ன, நீ நீயா வந்தாப் போதும். உனக்குப் பன்றிக்கறி வேக வெச்சு வைக்கறேன்.

ஒண்ணு மட்டும். திரும்பி வரும்போது வரப்புல யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. காத்துதான். நான் திரும்பல.

அத்தை


தைசுங்
செப்டம்பர் 20

அக்கா,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அணியிலேர்ந்து விலகிட்டேன். வலது கையில வீசச் சொல்றாங்க, எனக்கு எப்பவுமே இடதுதானே, உனக்குத் தெரியாதா. காச்சாவ்னு ஒரு பையன் மட்டும் பையை எடுத்துக்கிட்டு விடுதி வாசல் வரைக்கும் வந்தான், என் முகத்தைப் பாத்துப் பாத்து அழுதான். ஏன்னு புரியல.

மேஜையில உன் கடுதாசி எல்லாம் இருந்துச்சு. படிச்சேன். உன் கையெழுத்து இன்னும் அப்படியே கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. நடந்ததுக்கு வருத்தப்படாதே. நீ கிண்டலுக்குத்தானே கூப்பிட்டே. ஒலிபெருக்கியில கேட்டியா? காதைத் தொட்டேனே, பாத்தியா?

நாளைக்கு பஸ்ஸுல வரேன். பன்றிக்கறி வேண்டாம், சிப்பி வை. காலணி ஈரமா இருக்கும், திட்டாதே.

குளத்துப் பக்கம் போகாதே அக்கா. போனா, பின்னாலேர்ந்து ஒரு பையன் "அத்தை, அத்தை"ன்னு கூப்பிடுவான். திரும்பாதே.

உன் தம்பி
தியென்-லாங்